குண்டு விழுந்த தூரமும் ஒரு குட்டிச் சொல்லும்

திருப்பாதிரிப்புலியூரிலிருந்து கிழக்கே, கெடிலம் கடலில் கலக்கும் பக்கமாகப் போனால் தேவனாம்பட்டினம் வரும். புனித டேவிட் கோட்டை இருந்த இடம் அது. 1690-ஆம் ஆண்டில் ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனி இக்கோட்டையை மராத்தியரிடமிருந்து விலைக்கு வாங்கிற்று. வாங்கிய விதம் வேடிக்கையானது. கோட்டையிலிருந்து பீரங்கியால் சுட்டால் குண்டு எவ்வளவு தூரம் போய் விழுமோ, அவ்வளவு தூரத்து நிலமும் கம்பெனிக்குச் சேரும் என்பது பேச்சு. பல திசைகளிலும் சுட்டார்கள். குண்டு விழுந்த எல்லைக்குள் அகப்பட்ட ஊர்களுக்குக் ‘குண்டு கிராமங்கள்’ என்று பெயர் வந்தது. குண்டு உப்பலவாடி என்ற ஊர்ப்பெயரில் அந்தப் பீரங்கியின் ஓசை இன்றும் கேட்கிறது.

எறிபொருள் இயக்கம் பற்றிய பாடம் வரும்போதெல்லாம் இந்தக் கதையை வகுப்பில் சொல்வது என் வழக்கம். சொல்லிவிட்டு ஒரு கேள்வி கேட்பேன். குண்டு விழும் தூரம் எவற்றைச் சார்ந்தது? எதைச் சாராதது? காற்றின் தடையைக் கணக்கில் சேர்க்காவிட்டால் விடை எளிது. குண்டு கிளம்பும் வேகத்தையும், பீரங்கிக் குழாய் தரையோடு அமைக்கும் கோணத்தையும், புவியீர்ப்பு முடுக்கத்தையும் அது சார்ந்திருக்கிறது. குண்டின் நிறையைச் சார்ந்ததன்று. ஒரே வேகத்தில், ஒரே கோணத்தில் கிளம்பினால் சின்னக் குண்டும் பெரிய குண்டும் ஒரே இடத்தில்தான் விழும். (அதே அளவு மருந்தைக் கிட்டித்தால் பெரிய குண்டு மெதுவாகத்தான் கிளம்பும் என்பது வேறு கதை.)

இதை என் மாணவர்கள் தமிழில் தெளிவாகச் சொல்லிவிடுவார்கள். அவர்களில் பெரும்பாலோர் பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழில் படித்து வந்தவர்கள். தொல்லை எங்கே தொடங்குகிறதென்றால், அதையே ஆங்கிலத்தில் எழுதச் சொல்லும்போதுதான். ஒரு தாளில் ‘இன்டிபென்டென்ட் ஆன் மாஸ்’ என்றிருக்கும். இன்னொன்றில் ‘இன்டிபென்டென்ட் ஃப்ரம் மாஸ்’. வேறொன்றில் ‘இன்டிபென்டென்ட் டு மாஸ்’. ஒரு பெண் ‘இன்டிபென்டென்ட்’ என்பதோடு நிறுத்தி, பிறகு சின்னதாக ஒரு கோடு போட்டுவிட்டு ‘மாஸ்’ என்று எழுதியிருந்தாள். ஏனம்மா இந்த இடைவெளி என்று கேட்டேன். “நடுவில் என்ன வருமென்று தெரியவில்லை சார். தப்பாக எழுதுவதைவிட எழுதாமல் விடுவது மேல் என்று நினைத்தேன்” என்றாள். வாய்மொழித் தேர்விலும் அவள் இதனாலேயே வாய் திறக்காமல் நின்றாள். பெளதிகம் தெரியாமல் நிற்பவரும், ஒரு குட்டிச் சொல் தெரியாமல் நிற்பவரும் தேர்வாளர் கண்ணுக்கு ஒரே மாதிரிதான் தெரிவார்கள்.

அந்தக் கோடு போட்ட இடத்தைப் பற்றித்தான் இக்கட்டுரை.

உருபு எங்கே ஒளிந்திருக்கிறது?

ஆங்கிலத்தில் ‘ஈக்வல்’, ‘டிஃபரென்ட்’, ‘பேரலல்’ போன்ற பண்புச் சொற்களைப் பெயரடைகள் என்கிறோம். இவற்றில் பல, தனியே நின்றால் பொருள் நிரம்பாதவை. சமம் என்று ஒருவர் சொன்னால், எதற்குச் சமம் என்று உடனே கேட்கத் தோன்றுகிறதல்லவா? அந்த ‘எதற்கு’ என்பதிலுள்ள ‘கு’ தமிழில் நான்காம் வேற்றுமை உருபு. அது பெயரின் வாலில் ஒட்டிக்கொள்கிறது. ஆங்கிலத்தில் அதே வேலையைச் செய்யும் ‘டு’ என்னும் சொல் பெயருக்கு முன்னால், தனியாக, பெயரடையை அடுத்து நிற்கிறது. முன்னே நிற்பதால் அதை முன்னிடைச்சொல் என்கிறோம். திராவிட மொழிகளில் இத்தகைய உறவுச் சொற்கள் பெயருக்குப் பின்னால் வருவதை 1856-இல் வெளிவந்த தம் ஒப்பிலக்கணத்தில் கால்டுவெல் ஒரு முக்கிய வேறுபாடாகக் குறித்திருக்கிறார்.

இடம் மாறினால் என்ன, பொருள் ஒன்றுதானே என்று தோன்றலாம். காதுக்கு இது பெரிய வேறுபாடு. ஆங்கிலக் கேள்வி வாக்கியத்தில் இந்தச் சொல் பல வேளைகளில் வாக்கியத்தின் கடைசிக்குத் தள்ளப்பட்டு, அநாதையாக நிற்கும். நான் கல்லூரியில் சேர்ந்த ஆண்டு, செய்முறைத் தேர்வில், ‘வாட் இஸ் ஜி ஈக்வல் டு?’ என்று என்னிடம் கேட்டார்கள். நானும் தமிழில் படித்து வந்தவன். கடைசியில் ஒலித்த ‘டு’ எனக்கு இரண்டு என்னும் எண்ணாகக் கேட்டது. புவியீர்ப்பு முடுக்கம் இரண்டுக்குச் சமமா என்று மடக்குகிறார் போலும் என்று எண்ணிக்கொண்டு, ‘நாட் டூ, சார், நைன் பாயின்ட் எய்ட்’ என்று உறுதியாகச் சொன்னேன். விடை என்னவோ சரியாகத்தான் அமைந்தது! அறையிலிருந்தவர்கள் சிரித்தது ஏன் என்று விளங்க எனக்கு இரண்டு நாளாயிற்று. ‘எதற்கு’ என்று தமிழில் கேட்கும்போது உருபு கேள்விச் சொல்லோடு ஒட்டி முதலிலேயே வந்துவிடுகிறது. ஆங்கிலத்தில் அது வரக் கடைசி வரை காத்திருக்கவேண்டும்.

‘கு’ வந்தால் ‘டு’ வருமா?

நல்ல செய்தியை முதலில் சொல்லிவிடுகிறேன். கணிதமும் பெளதிகமும் நாள்தோறும் பயன்படுத்தும் பெயரடைகளில் ஒரு பெரிய கூட்டம் ‘டு’ என்பதையே ஏற்கிறது. தமிழிலும் அவை ‘கு’ உருபையே ஏற்கின்றன. இதற்குச் சமம், இதற்கு இணை, இதற்குச் செங்குத்து, இதற்கு நேர்விகிதம், இதற்கு எதிர்விகிதம், இதற்கு ஒப்பு. ஆங்கிலத்தில் ‘ஈக்வல் டு’, ‘பேரலல் டு’, ‘பெர்ப்பென்டிகுலர் டு’, ‘ப்ரபோர்ஷனல் டு’, ‘இன்வெர்ஸ்லி ப்ரபோர்ஷனல் டு’, ‘சிமிலர் டு’. ஒன்றை இன்னொன்றின் பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்தி ஒப்பிடுகிற சொற்கள் இவை. ஒன்றை நோக்கிச் செல்லுதல் என்பதே ‘டு’ என்பதன் அடிப்படைப் பொருள். ஓம் விதியையோ பாயில் விதியையோ தமிழில் சரியாகச் சொல்லத் தெரிந்தவர் இந்தக் கூட்டத்தில் தடுக்கி விழவே வேண்டியதில்லை.

ஆனால் இந்த வெற்றியில் மயங்கி, ‘கு’ வரும் இடத்திலெல்லாம் ‘டு’ போடத் தொடங்கினால் ஆபத்து. நம் ‘கு’ மிகவும் தாராளமானது. பண்ருட்டி பலாவுக்குப் பேர்போனது; ஆங்கிலத்தில் ‘ஃபேமஸ் ஃபார்’. கேழ்வரகு உடம்புக்கு நல்லது, ‘குட் ஃபார்’. பாம்புக்குப் பயம், ‘அஃப்ரெய்ட் ஆவ்’. ஒரே ‘கு’ உருபுக்கு ஆங்கிலத்தில் மூன்று ஆடைகள்.

இரண்டு ‘கு’ ஒரே வாக்கியத்தில் வந்து நம்மைக் குழப்புவதும் உண்டு. ஆய்வக உதவியாளர் கருவிகளுக்குப் பொறுப்பு. அவர் துறைத்தலைவருக்கும் பொறுப்பு. தமிழில் சூழலை வைத்து நாம் பிரித்துணர்கிறோம். ஆங்கிலமோ பொருளுக்கு ‘ரெஸ்பான்சிபிள் ஃபார்’ என்றும், ஆளுக்கு ‘ரெஸ்பான்சிபிள் டு’ என்றும் பிரித்துவிடுகிறது. இங்கே ஆங்கிலம் நம்மைவிடக் கறாரானது என்று ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

இதற்கு எதிர்மாறானதும் உண்டு. ‘குட்’ என்ற ஒரு பெயரடையை எடுத்துக்கொள்ளுங்கள். ‘குட் அட்’ என்றால் ஒன்றில் வல்லவர். ‘குட் ஃபார்’ என்றால் ஒன்றுக்கு நன்மை தருவது. ‘குட் டு’ என்றால் ஒருவரிடம் அன்பாக நடந்துகொள்பவர். தமிழில் வல்லவர், நல்லது, அன்பானவர் என்று சொல்லையே மாற்றிவிடுகிறோம். ஆங்கிலத்தில் சொல் அப்படியே நிற்க, பின்னால் வரும் குட்டிச் சொல் பொருளை மாற்றிவிடுகிறது. ஆகவே, ‘குட்’ என்பதற்குப் பொருள் என்ன என்று அகராதியில் பார்ப்பது பாதி வேலைதான். அதன் பின்னால் என்ன நிற்கிறது என்பதையும் சேர்த்துப் பார்த்தால்தான் பொருள் முழுமையாகும்.

தொங்குவதும் சாய்வதும்

இப்போது குண்டுக்கு வருவோம். ‘டிபென்டென்ட் ஆன்’ என்று சொல்லும் ஆங்கிலம், அதன் எதிர்ச்சொல்லை ஏன் ‘இன்டிபென்டென்ட் ஆவ்’ என்கிறது? ‘ஆன்’ எங்கே போயிற்று?

‘டிபென்ட்’ என்பது லத்தீனிலிருந்து வந்த சொல். தொங்குதல் என்பது அதன் மூலப்பொருள். ஊசலுக்கு ஆங்கிலத்தில் வழங்கும் ‘பெண்டுலம்’ என்ற பெயரும் அதே வேரில் பிறந்ததே. ஒன்றைப் பிடித்துத் தொங்குவது ‘ஆன்’. நாம் ‘சார்ந்து’ என்கிறோம், அதாவது சாய்ந்துகொண்டு. அவர்கள் தொங்குகிறார்கள், நாம் சாய்கிறோம், அவ்வளவே.

இனி ‘ஆவ்’ என்பதைக் கவனியுங்கள். பழைய ஆங்கிலத்தில் இதற்கு ‘விலகி, அகன்று’ என்ற பொருளே முதன்மையாக இருந்தது. விளக்கை அணைக்கும்போது நாம் ‘ஆஃப்’ செய்கிறோமே, அந்த ‘ஆஃப்’ என்பதும் இந்த ‘ஆவ்’ என்பதும் ஒரு காலத்தில் ஒரே சொல். அழுத்திச் சொன்னால் ‘ஆஃப்’, தளர்த்திச் சொன்னால் ‘ஆவ்’ என்றிருந்தவை, 17-ஆம் நூற்றாண்டில்தான் எழுத்திலும் பொருளிலும் முழுவதும் பிரிந்து தனிக்குடித்தனம் போயின. ‘ஆவ்’ பிற்காலத்தில் உடைமைப் பொருளுக்கு மாறிவிட்டாலும், விலகல் பொருளுள்ள சில பெயரடைகளுக்குப் பின்னால் பழைய பொருளோடேயே தங்கிவிட்டது. எல்லாம் அற்றது என்பதற்கு ‘டிவாய்ட் ஆவ்’. தடை நீங்கியது என்பதற்கு ‘கிளியர் ஆவ்’. எதையும் பிடித்துத் தொங்காமல் விலகி நிற்பது ‘இன்டிபென்டென்ட் ஆவ்’. இதைத் தெரிந்துகொண்டவர் ‘இன்டிபென்டென்ட் ஆன்’ என்று எழுதவே கைவராது. தொங்காமல் தொங்குகிறது என்று யாராவது எழுதுவார்களா?

சிறிய கோணத்தில் ஆடும் தனி ஊசலின் அலைவு நேரத்தைப் பற்றி எழுதும்போது இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பழகலாம். நீளத்தைச் சார்ந்தது, ‘ஆன்’. குண்டின் நிறையைச் சாராதது, ‘ஆவ்’.

கண்ணாடி ஒளியைக் கடக்கிறதா?

இதுவரை சொன்ன பிழைகளில் பொருள் மாறிவிடவில்லை, படிப்பவர் ஊகித்துக்கொள்வார். பெளதிகமே தலைகீழாகும் இடம் ஒன்று உண்டு. ‘லைட் இஸ் ட்ரான்ஸ்பேரன்ட் டு கிளாஸ்’ என்று ஆண்டுக்கு ஒருவராவது எழுதுகிறார்கள். ஒளி கண்ணாடியை ஊடுருவ விடுகிறது என்று ஆகிவிடுகிறது!

இப்பிழை சோம்பலால் வருவதன்று. தமிழில் ‘ஒளி ஊடுருவும் பொருள்’ என்று படிக்கிறோம். அத்தொடரில் ஊடுருவுகிற எழுவாய் ஒளி. ஆகையால் ஆங்கிலத்திலும் ஒளியையே முன்னால் நிறுத்திவிடுகிறோம். ஆங்கிலப் பெயரடையோ பொருளின் பண்பைச் சொல்வது. பண்பை உடையது கண்ணாடி. அது முன்னால் வரவேண்டும். எதன் விஷயத்தில் அந்தப் பண்பு என்பது ‘டு’ என்பதன் பின்னால் வரவேண்டும். ‘கிளாஸ் இஸ் ட்ரான்ஸ்பேரன்ட் டு லைட்’.

‘டு’ என்பதன் பின்னாலுள்ள அந்த இடம் வெறும் இலக்கண இடமன்று. ஒரு பெளதிகக் கேள்வி அங்கே உட்கார்ந்திருக்கிறது. சாதாரணக் கண்ணாடி கண்ணுக்குத் தெரியும் ஒளிக்கு ‘ட்ரான்ஸ்பேரன்ட்’. புற ஊதாக் கதிர்களில் பெரும்பகுதிக்கு ‘ஒப்பேக்’. சிலிக்கான் தகடு நேர்மாறு. நம் கண்ணுக்கு உலோகம்போல் பளபளத்து ஒளியை மறிக்கும், அகச்சிவப்புக் கதிர்களில் ஒரு பகுதியையோ தாராளமாக உள்ளே விடும். வளிமண்டலத்திலுள்ள கரியமில வாயு சூரிய ஒளியைத் தடுப்பதில்லை. ஆனால் தரையிலிருந்து கிளம்பும் அகச்சிவப்புக் கதிர்களில் சிலவற்றை உறிஞ்சிக்கொள்கிறது. புவி வெப்பமாதல் என்று பேசுகிறோமே, அதன் கரு இதுதான். ‘ட்ரான்ஸ்பேரன்ட்’ என்று மட்டும் எழுதி நிறுத்துபவர் இந்தக் கேள்வியையே கேட்காமல் விடுகிறார்.

‘டு’ என்பதையும் ‘இன்’ என்பதையும் பிரித்துணர்வதும் இப்படிப் பயன்படுவதே. நியூட்டனின் மூன்றாம் விதியில் இரு விசைகளும் அளவில் சமம், திசையில் எதிர் என்கிறோம். ‘ஈக்வல் இன்’, ‘ஆப்போசிட் இன்’. எதற்குச் சமம் என்பதற்கு ‘டு’; எந்த வகையில் சமம் என்பதற்கு ‘இன்’. நம் ‘இல்’ உருபு இங்கே கச்சிதமாகப் பொருந்துகிறது. நெய்வேலிப் பழுப்பு நிலக்கரியில் ஈரம் மிகுதி, சாம்பல் குறைவு. ‘ஹை இன்’, ‘லோ இன்’.

தொல்காப்பியர் தந்த பட்டியல்

எந்தப் பண்புச் சொல்லோடு எந்த உறவுச் சொல் சேரும் என்று பட்டியல் போடுவது ஆங்கில இலக்கணப் புத்தகக்காரர்களின் வேலை என்று எண்ணியிருந்தேன். பிறகு தொல்காப்பியச் சொல்லதிகாரத்தில் வேற்றுமையியலைப் புரட்டியபோது வியந்துபோனேன். ‘இன்’ என்னும் ஐந்தாம் வேற்றுமைக்குரிய பொருள்களைச் சொல்லும் இடத்தில் தொல்காப்பியர் நிறம், வடிவம், அளவு, சுவை, குளிர்ச்சி, வெப்பம், பெருமை, சிறுமை, வன்மை, மென்மை, புதுமை, பழமை என்று பண்புகளாகவே அடுக்கிக்கொண்டு போகிறார். நட்பு, பகை, காதல் ஆகியவற்றையோ நான்காம் வேற்றுமையான ‘கு’ என்பதன் கீழ் வைக்கிறார். இது ஆங்கிலத்தில் ‘ஃப்ரெண்ட்லி டு’, ‘ஹாஸ்டைல் டு’, ‘டியர் டு’ என்று வருவதோடு ஒத்துப்போவதைக் கவனியுங்கள்.

அச்சத்தை எங்கே வைத்தார் தெரியுமா? ஐந்தாம் வேற்றுமையில். அக்காலத்தில் பாம்பின் அஞ்சினார்கள்; அதாவது பாம்பிலிருந்து அச்சம் வந்தது. இன்று நாம் பாம்புக்குப் பயப்படுகிறோம். ஆங்கிலேயன் இன்றும் ‘ஆவ்’ என்றே சொல்லி, பழந்தமிழனைப் போல அச்சம் பிறக்கும் இடத்தைக் காட்டுகிறான். ஆக, இந்தச் சேர்க்கைகள் கல்லில் வெட்டியவையல்ல. எந்த மொழியிலும் மெல்ல மெல்ல நகர்பவை. ‘டிஃபரென்ட்’ என்பதோடு ‘ஃப்ரம்’ எங்கும் ஏற்கப்படும். பிரிட்டனில் பேச்சில் ‘டு’ என்பாரும், அமெரிக்காவில் ‘தேன்’ என்பாரும் உண்டு. தேர்வுத்தாளில் ‘ஃப்ரம்’ எழுதுங்கள். நம்முடைய ‘இலிருந்து வேறுபட்டது’ என்பதற்கும் அதுவே நேர்.

‘தேன்’ என்றதும் இன்னொன்று நினைவுக்கு வருகிறது. ‘விட’ என்று தமிழில் வந்தால் ஆங்கிலத்தில் ‘தேன்’ போடுவது பொதுவாகச் சரியே. கல் தண்ணீரைவிட அடர்த்தியானது, ‘டென்ஸர் தேன்’. ஆனால் ‘சீனியர்’, ‘ஜூனியர்’, ‘சுப்பீரியர்’, ‘இன்ஃபீரியர்’ ஆகிய நான்கும் லத்தீனிலேயே ஒப்பீட்டு வடிவம் பெற்று வந்த சொற்கள். அவை ‘டு’ என்பதைத்தான் ஏற்கும். அலுவலகங்களில் ‘சீனியர் தேன் மீ’ என்று காலமெல்லாம் சொல்லி ஓய்வு பெற்றவர்களை நான் அறிவேன்.

செயலை ஒட்டும்போது

இன்னும் ஒரு கண்ணி. செம்பு மின்சாரத்தைக் கடத்த வல்லது என்பதை ‘கேபபிள் டு கண்டக்ட்’ என்று எழுதுகிறார்கள். ‘ஏபிள் டு கண்டக்ட்’ சரி. ‘கேபபிள்’ வந்தால் ‘கேபபிள் ஆவ் கண்டக்டிங்’. முன்னிடைச்சொல்லுக்குப் பின்னால் பெயரே வரவேண்டும்; வினை வந்தால் அது ‘இங்’ சேர்த்துக்கொண்டு பெயர் வேடம் போட்டுத்தான் வரவேண்டும். ‘ஏபிள்’ என்பதன் பின்னாலுள்ள ‘டு’ முன்னிடைச்சொல்லே அன்று. நம் ‘செய்ய’ என்னும் எச்சத்தின் அகரத்தைப் போல வினையைச் சேர்ந்தது. ஒரே முகமுடைய இரட்டையர்களில் ஒருவரை மற்றவர் என்று எண்ணிவிடக் கூடாது.

பட்டியலை உருப்போடுவதை நான் சொல்லித் தருவதில்லை. நானே உருப்போட்டு மறந்தவன். பாடப்புத்தகத்தைப் படிக்கும்போது பெயரடையையும் அதன் பின்னாலுள்ள குட்டிச் சொல்லையும் அடுத்த பெயரையும் சேர்த்து, மூன்றையும் ஒரே கோட்டால் அடிக்கோடிடச் சொல்கிறேன். ‘இன்டிபென்டென்ட்’ என்று தனியே ஒரு சொல் இருப்பதாகவே எண்ணவேண்டாம். ‘இன்டிபென்டென்ட் ஆவ் மாஸ்’ என்றுதான் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். நாம் தமிழில் ‘சமம்’ என்பதைக் கற்றதும் ‘அதற்குச் சமம்’ என்று கேட்டுக் கேட்டுத்தானே?

கோடு போட்டு இடம் விட்ட அந்த மாணவி அடுத்த பருவத்தில் என்னிடம் ஒரு கேள்வி கேட்டாள். நீர் நிறைந்தது என்பதற்கு ஓரிடத்தில் ‘ஃபுல் ஆவ்’ என்றும் இன்னோரிடத்தில் ‘ஃபில்ட் வித்’ என்றும் இருக்கிறதே, இரண்டில் எது சரி? இரண்டும் சரி. ‘ஃபுல்’ இருக்கும் நிலையைச் சொல்கிறது. உள்ளே இருப்பது எது என்று ‘ஆவ்’ காட்டுகிறது. ‘ஃபில்ட்’ ஒரு செயல் நடந்து முடிந்ததைச் சொல்கிறது. எதனால் நிரப்பினார்கள் என்று ‘வித்’ காட்டுகிறது. அது நம் மூன்றாம் வேற்றுமை ‘ஆல்’. மழைக்காலத்தில் வீராணம் ஏரியைக் கரையில் நின்று பார்ப்பவர் ‘ஃபுல் ஆவ் வாட்டர்’ என்பார். கீழணையிலிருந்து வடவாற்றில் வந்த கொள்ளிடத்து நீரால் அதை நிரப்பியதைச் சொல்லவேண்டிய பொறியாளர் ‘ஃபில்ட் வித்’ என்று எழுதுவார்.